கழற்றச் சொன்ன சட்டை

கொடைக்கானலில் யாராவது செத்துப்போனால் முதல் போன் பூக்கடைக்குப் போகும், அடுத்த போன் எனக்கு வரும். செத்தவர்களுக்குச் சட்டை போட்டுவிடுகிற ஆள் நான். சிரிக்க வேண்டாம், என் ஸ்டுடியோவின் முக்கால்வாசிப் பிழைப்பு இன்றைக்கு அதுதான். ஆதார் அட்டையைக் கொண்டு வருவார்கள். இல்லையென்றால் ஏதோ கல்யாணப் பந்தியில் வாயில் சோற்றோடு பிடித்த படத்தைக் கொண்டு வருவார்கள். நான் தலையை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வேன். உடம்புகள் கம்ப்யூட்டரில் தயாராகக் கிடக்கின்றன. வெள்ளைச் சட்டை, கோடு போட்ட சட்டை, கோட்டு, பட்டுப்புடவை, சுங்குடிப் புடவை. தலையை ஒட்டி, பின்னால் கொஞ்சம் நீலத்தை ஊற்றி, பிரேம் போட்டுக் கொடுத்தால், ஆயுசு முழுக்கப் பனியனோடு திரிந்தவர்கூடத் தாசில்தார் மாதிரி சுவரில் உட்கார்ந்திருப்பார். வீட்டார் பார்த்ததும் ஓவென்று அழுவார்கள். அழுதால் படம் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

இத்தனை வருஷத்தில் ஒரே ஒருவருக்குத்தான் அந்த உடம்புகளில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அவருக்கு அவருடைய சொந்தச் சட்டையையே போட்டுவிட வேண்டியதாயிற்று. உயிரோடு இருந்தபோது அந்தச் சட்டையை அவர் உடம்பிலிருந்து கழற்ற வைத்தவனும் நான்தான். யாரிடமும் சொல்லி ஆறவில்லை. எழுதினாலாவது ஆறுகிறதா பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் மலைக்கு ஏரியையும் மேகத்தையும் பார்க்க வருகிறவர்கள் ஒரு வகை. இல்லாதப்பட்டவர்களைப் படம் பிடிக்க வருகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகை ஆட்கள் மழைக்காலம் முடிந்த கையோடு வருவார்கள். தோளில் பெரிய கேமரா, காலில் நல்ல பூட்ஸ், முகத்தில் ஒரு துக்கம். போர்டில் போட்டோ என்று இருப்பதைப் பார்த்து என் கடைக்குள் நுழைவார்கள். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன், இங்கிலீஷ் பேசுவேன். அதனால் வழி காட்டவும் பேச்சை மாற்றிச் சொல்லவும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். சீசன் இல்லாத மாதங்களில் எனக்கும் அது ஒரு சோறு.

முதல்முதலில் அப்படி வந்த ஒருவரை ஆடலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துக் கூலி வீட்டுக்கு அழைத்துப் போனேன். ஆள் வரப்போவது தெரிந்து அந்தக் குடும்பமே தலைக்கு எண்ணெய் வைத்து, பவுடர் பூசி, தீபாவளித் துணியைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றது. நானும் பெருமையாக, கடையில் நிறுத்துகிற மாதிரி உயரவாரியாக நிறுத்தினேன். அந்த ஆள் கேமராவைக் கண்ணுக்குக்கூடக் கொண்டு போகவில்லை. ‘இது உங்கள் ஸ்டுடியோ மாதிரி இருக்கிறது’ என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார். மறுநாள் வேறு ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கேமரா பிடிக்கிறவனைப் பார்த்து இன்னொரு கேமராக்காரன் சிரிப்பது செருப்பால் அடித்த மாதிரி. அன்றைக்கே நான் பாடம் படித்துக்கொண்டேன். இவர்களுக்கு வேண்டியது கிழிசல். கிழிசலைக் காட்டிவிட்டால் நாம் விவரமான ஆள்.

இப்போது சொல்ல வருகிற கேமராக்காரர் அதற்கு ரொம்பக் காலம் கழித்து வந்தார். வடக்கே ஏதோ பெரிய நகரம். தமிழில் வணக்கம் தவிர ஒரு வார்த்தை தெரியாது. தங்கமான மனுஷர், அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எந்த வீட்டு வாசலிலும் பூட்ஸைக் கழற்றாமல் உள்ளே போகமாட்டார். தரையில் சம்மணம் போட்டு உட்காருவார். கொடுத்ததைச் சாப்பிடுவார். இந்தக் கதையில் பழியை அவர் தலையில் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ள நான் ரொம்ப நாள் பார்த்தேன், ஆகவில்லை.

தோட்ட வேலை செய்கிற ஒரு குடும்பத்தை அவர்கள் வீட்டிலேயே வைத்து எடுக்க வேண்டும் என்றார். எனக்கு உடனே பூண்டிக்காரர் ஒருவர் ஞாபகம் வந்தது. பூண்டியில் பூண்டு, கேரட் தோட்டங்களில் தினக்கூலி. அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். வீடு, ஓட்டுக்கூரை போட்ட ஒரே நீள வரிசையில் ஒன்று. அங்கே இருந்த பழக்கத்தில் அந்த வரிசையை லயம் என்றுதான் சொல்வார்கள். லாரிக்கு மூட்டை ஏற்ற டவுனுக்கு வருகிறபோதெல்லாம் என் கடை வாசலில் நின்று ஒரு வார்த்தை பேசாமல் போகமாட்டார். என்னைவிடப் பத்து வயது இளையவர்.

முந்தின நாளே போய்க் கேட்டேன். முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்று கேரட் கழுவிக்கொண்டிருந்தார். வெள்ளனே இறங்கிய ஆள், கால் இரண்டும் வெளுத்துப் போயிருந்தது.

“எங்களையா? குடும்பத்தோடயாண்ணே?” முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

“ஆமாய்யா. நாளைக்குக் காலைல. வீட்டுலயே இருங்க.”

“எங்களுக்கும் ஒண்ணு குடுப்பாகளா?”

“குடுக்காம? நான் வாங்கித் தாரேன்.”

கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு கரைக்கு வந்தார். “ஒண்ணு சொல்லவாண்ணே? எங்க கலியாணத்துல எடுத்த படம் ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. இந்த ஈரத்துக்குப் பூசணம் புடிச்சுப் போச்சு. அதுலயும் பாருங்க, அவ மூஞ்சி நல்லாத்தான் இருக்கு, என் மூஞ்சியத்தான் பூசணம் தின்னுருச்சு. சின்னவ கேக்குறா, அம்மா பக்கத்துல நிக்கிறது யாருன்னு.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். “நல்லதா ஒண்ணு வேணும்ண்ணே. வேற ஒண்ணும் வேணாம்.”

ஆளுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். முகம் தெரிகிற மாதிரி நல்லதாக ஒரு படம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஜீப்பில் போய் இறங்கினோம். வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. வீட்டுக்குள் அடுப்பை மெழுகி, ஒரு சாம்பல் துளிகூட இல்லாமல் துடைத்து வைத்திருந்தார்கள். படத்தில் கரிப்பாத்திரம் தெரியக்கூடாது என்று பாத்திரம் அத்தனையையும் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எங்களுக்கான சமையலும் அங்கேதான் நடந்தது. மூன்று பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டிருந்தார்கள். அவர் மனைவி கழுத்தில் கிடந்த கவரிங் சங்கிலியும் இரவல்தான் என்று அந்த அம்மாள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. பெண்பிள்ளைகள் இரண்டும் லீவு நாளில் பள்ளிக்கூட யூனிபாரம் போட்டு ரிப்பன் கட்டியிருந்தன. கிழியாத துணி அது ஒன்றுதான் போலிருக்கிறது.

அவர் போட்டிருந்தது வெளிர்நீல முழுக்கைச் சட்டை. மடிப்புக்கூடக் கலையவில்லை. அந்துருண்டை வாசம் அடித்தது. கழுத்துப் பொத்தானையும் போட்டு, மணிக்கட்டுப் பொத்தானையும் போட்டு, மாப்பிள்ளை மாதிரி வாசலில் நின்றார். நான் எத்தனையோ முகங்களுக்கு லைட் போட்டவன். கறுத்த முகத்துக்குக் கீழே வெளிர்நீலம் இருந்தால் வெளிச்சம் தெறித்து முகம் எப்படித் துலங்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நிமிஷம் எனக்குள்ளே இருந்த ஸ்டுடியோக்காரன், அடடா, என்று சொன்னது நிஜம்.

வந்தவர் நேராக அவரிடம் போனார். சட்டைக் கையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். அவரும் சிரித்தார். பிறகு வந்தவர் என் பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஒன்று கேட்டார்.

‘இவர் தினமும் வீட்டில் இப்படித்தான் உடுத்துவாரா?’

கேள்வி அவ்வளவுதான். இல்லை சார், உங்களுக்காகப் போட்டிருக்கிறார் என்று சொல்லியிருந்தால் அந்த மனுஷர் அதையும் ஒரு அழகாகத்தான் எடுத்திருப்பார். ஆனால் எனக்கு அந்தப் பழைய சிரிப்பு காதில் கேட்டது. இந்தத் தடவையும் ஸ்டுடியோ மாதிரி இருக்கிறது என்று சொல்ல விட்டுவிடுவேனா? அவர் கேட்டதை நான் மாற்றிச் சொன்னேன்.

“சட்டையக் கழட்டணுமாம்யா. சார் சொல்றாரு. எப்பவும் வீட்டுல இருக்குற மாதிரி இருந்தாப் போதுமாம்.”

அவருக்குப் புரியவில்லை. “கழட்டிட்டு?”

“பனியனோட இருங்க. அம்மா, நீங்களும் அந்தச் சங்கிலியெல்லாம் கழட்டி வச்சிட்டு, வேலைக்குப் போற துணியக் கட்டிட்டு வாங்க. பிள்ளைகளையும் மாத்தச் சொல்லுங்க. நாற்காலி வேணாம், அத வெளிய தூக்கிப் போடுங்க.”

அந்த அம்மாள் என்னையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே போனார். அவர் மட்டும் கழுத்துப் பொத்தானில் விரலை வைத்தபடி நின்றார்.

“ஒண்ணே ஒண்ணு சட்டையோட எடுத்துட்டு, அப்புறமாக் கழட்டட்டுங்களாண்ணே?”

என் தோளில் என் சொந்தக் கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து ஒரு அமுக்கு அமுக்க எவ்வளவு நேரம் ஆகும்? வாழ்நாளெல்லாம் அதைத்தானே செய்கிறேன்.

“மேகம் எறங்குதுய்யா. வெளிச்சம் போயிட்டா வந்த சோலி கெட்டுப் போயிரும். வெரசாக் கழட்டுங்க, அது அப்புறம் பாத்துக்கலாம்.”

கழற்றினார். மடித்துப் பெட்டி மேல் வைத்தார். உள்ளே இருந்த பனியனில் நெஞ்சில் இரண்டு ஓட்டை, அக்குளில் ஒரு கிழிசல். அந்த அம்மாள் புருஷனுடைய பழைய சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு வந்தார். தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் அப்படித்தான் போவார்கள். குடும்பத்தை மெழுகின அடுப்புக்கு முன்னால் தரையில் உட்கார வைத்தேன். அவர் நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்த்தார். எல்லாரும் படத்துக்கு அப்படித்தானே பார்ப்பார்கள்.

“தலையக் கொஞ்சம் குனிங்க. கேமராவப் பாக்காதீங்க. தரையப் பாருங்க. அப்படியே இருங்க.” அதுவும் நான் சொன்னதுதான். சார் வாயைத் திறக்கவே இல்லை, எடுத்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று.

பக்கத்து வீட்டிலிருந்து சோறும் முட்டைக் குழம்பும் வந்தன. “தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்,” என்று அந்த அம்மாள் பிடிவாதமாக நிறுத்தினார். குடித்துவிட்டு வெளியே வந்து ஜீப்பில் ஏறும்போது பார்த்தேன். அவர் மறுபடி சட்டையைப் போட்டு, எல்லாப் பொத்தானையும் மாட்டி, வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“அண்ணே, அந்த ஒண்ணு…”

அதற்குள் மேகம் லயம் முழுவதையும் மூடிவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார். “ஒரு நாளைக்கு ஸ்டுடியோவுக்கு வாய்யா, ஜம்முனு எடுத்துத் தாரேன்,” என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, குடும்பத்தோடு பஸ் ஏறி அவர் எங்கே வருவார்? நானாவது ஒரு நாள் பூண்டிக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

ஒரு வருஷம் கழித்துத் தபாலில் புத்தகம் வந்தது. நல்ல கனமான தாள். நன்றி சொல்லும் பக்கத்தில், பெயர் சொல்லாவிட்டாலும், மலையில் வழி காட்டிய நண்பருக்கு என்று ஒரு வரி. நடுவில் ஒரு பக்கம் முழுக்க அந்தக் குடும்பம். பனியன் ஓட்டை வழியாக நெஞ்செலும்பு தெரிந்தது. படத்துக்குக் கீழே, அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு மூட்டப்படவில்லை என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அட கடவுளே! படத்துக்காக மெழுகி வைத்த அடுப்பு ஐயா அது! எங்களுக்கு முட்டைக் குழம்பு எங்கிருந்து வந்தது என்று சார் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஊருக்கே சோறு போட்டுவிட்டு அந்த வீடு பட்டினி வீடாக அச்சில் ஏறிவிட்டது.

ஆனாலும் நான் என்ன செய்தேன் தெரியுமா? அதே பக்கத்தைத் திறந்து என் கடை ஷோகேஸில், ரோட்டைப் பார்க்க வைத்தேன். டூரிஸ்ட்டுகள் நின்று பார்த்தார்கள். இரண்டு பேர் உள்ளே வந்து, நீங்கள்தான் கூட்டிப் போனீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். வெட்கங்கெட்டவனுக்கு வெளிச்சம் வேறு வேண்டியிருந்தது.

பூண்டிக்காரருக்குப் படம் வாங்கித் தருவதாகச் சொன்னேனே, அதைக் கொடுக்கவில்லை. அந்தப் படத்தை எந்த முகத்தோடு கொண்டுபோய்க் கொடுப்பது? கொஞ்ச நாளில் அவர் என் கடைப் பக்கம் வருவதும் நின்றுபோயிற்று. வேலை அதிகம்போல என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

போன தை மாதம் அவர் செத்துப்போனார். காய்ச்சலோடு நாலு நாள் தண்ணீரில் நின்று கேரட் கழுவியிருக்கிறார். நெஞ்சில் சளி கட்டி, பெரியகுளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்குச் சேதி ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். அந்த அம்மாளே, செத்தவருடைய தம்பியைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. நெற்றி வெறுமையாக இருந்தது. நான் எழுந்து நின்றேன்.

“பதினாறுக்குப் படம் வைக்கணும்ண்ணே,” என்றார்.

“என்ன படம் இருக்கும்மா?”

ஆதார் அட்டையை நீட்டினார். அதில் முகம் ஒரே கறுப்பு. கண் மூடியிருந்தது. பெரிய மகளின் போனில் இரண்டு இருந்தன. ஒன்றில் முதுகு, இன்னொன்றில் கையால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

“அதுக்கப்புறம் போன நீட்டுனாலே மூஞ்சியத் திருப்பிக்குவாருண்ணே. வேணாந்தாயி, என் மூஞ்சி படத்துக்கு ஆகாதும்பாரு.”

எதற்கு அப்புறம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவரே ஷோகேஸைத் திரும்பிப் பார்த்தார். “அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்குற படத்துல இருந்து எடுக்க முடியுமாண்ணே? அதுல மூஞ்சி நல்லாத் தெரியுதாம். மூட்ட ஏத்த வந்தப்போ வெளிய நின்னு பாத்தாராம். சொன்னாரு.”

அப்படியென்றால் ரோட்டில் நின்று, டூரிஸ்ட்டுகளோடு டூரிஸ்ட்டாகத் தன் ஓட்டைப் பனியனைப் பார்த்திருக்கிறார். உள்ளே வராமல் திரும்பிப் போயிருக்கிறார். நான் உள்ளேதான் உட்கார்ந்திருந்திருப்பேன்.

படம் எடுத்தவருக்கு மெயில் போட்டேன். வெளியூரில் இருக்கிறேன், திரும்பி வந்ததும் எழுதுகிறேன் என்று மெஷின் பதில் சொல்லிற்று. பதினாறாம் நாள் யாருக்காகவும் காத்திருக்காது. புத்தகத்தை எடுத்து, பிளேடால் அந்தப் பக்கத்தை அறுத்தேன். ஸ்கேன் செய்து தலையை வெட்டினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். என்னிடம் இருக்கிற உடம்புகள் எல்லாம் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பவை. இந்தத் தலையோ குனிந்த தலை. எதில் வைத்தாலும் கழுத்து ஒடிந்த மாதிரி தொங்கிற்று. போனில் இப்போது என்னென்னவோ வித்தை வந்திருக்கிறதே என்று அதையும் முயன்றேன். தலையை நிமிர்த்தி, கண்ணைத் திறந்து, பல்லைக்கூடக் காட்டிற்று.

அந்த அம்மாள் பார்த்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். “இது யாருண்ணே? இது அவரு இல்ல.”

அழித்துவிட்டேன்.

அப்புறம்தான் மஞ்சள் பையைத் திறந்தார். உள்ளே அந்த வெளிர்நீலச் சட்டை. செத்தவர் துணியை வீட்டில் வைக்கமாட்டார்கள், எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு இதை மட்டும் ஒளித்து வைத்திருந்திருக்கிறார். “இந்தச் சட்டையத்தான் போட்டு விடணும். இத அவரு நாலு தடவகூடப் போடல.”

ஹேங்கரில் மாட்டிப் படம் எடுத்துப் பார்த்தேன். ஹேங்கரில் மாட்டின சட்டையாகவே வந்தது. யாராவது போட்டுக்கொண்டு, அதே மாதிரி குனிந்து உட்கார வேண்டும். செத்தவர் சட்டையைப் பதினாறு கழிவதற்குள் எவன் போடுவான்? கூட வந்திருந்த அவருடைய தம்பி, கேட்டதுமே இரண்டடி பின்னால் போய்விட்டார். ஜீப் ஸ்டாண்டில் ஒருத்தரைக் கூப்பிட்டேன், ‘என்னங்க, விளையாடுறீங்களா?’ என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் என் சட்டையைக் கழற்றினேன்.

எனக்குத் தொப்பை. வயிற்றுப் பொத்தான் ஏறவில்லை, மேலே இரண்டைத்தான் போட முடிந்தது. படத்துக்கு அது போதும். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று அந்த அம்மாளுக்குக் காட்டிவிட்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். அந்துருண்டை வாசம் மூக்கில் ஏறிற்று.

“அப்படி இல்லண்ணே,” என்றார். “எடது தோள எறக்குங்க. மூட்ட தூக்கித் தூக்கி அவருக்கு அது எறங்கிப் போச்சு.”

இறக்கினேன்.

“இன்னும் கொஞ்சம். முதுக நிமித்தாதீங்க. தலையக் குனிங்க. தரையப் பாருங்க.”

நான் அவர் புருஷனுக்குச் சொன்ன அதே சொற்கள். குத்திக் காட்டுவதற்காகச் சொன்னாரா என்று நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. படம் நன்றாக வர வேண்டுமே என்கிற கவலை மட்டும்தான் அதில் இருந்தது. “அசையாதீங்கண்ணே,” என்றார். பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். குனிந்து உட்காருவதும் ஒரு வேலைதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிடரி வலித்தது.

தலையையும் தோளையும் ஒட்டினேன். இம்மி பிசகாமல் உட்கார்ந்துகொண்டது.

“நிமிந்து பாக்குற மாதிரி பண்ண முடியாதாண்ணே? எல்லா வீட்டுலயும் படத்துல இருக்குறவங்க நம்மள நேராப் பாப்பாங்க.”

“முடியாதும்மா.”

“சரிண்ணே,” என்று பிரேமைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார்.

பதினாறாம் நாளுக்குச் சொல்லியிருந்தார், போனேன். லயத்து வாசலில் தார்ப்பாய் கட்டியிருந்தது. உள்ளே படத்துக்கு மாலை போட்டு, முன்னால் குத்துவிளக்கு. ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகப் பார்த்து, “அச்சு அசலு அப்படியே இருக்காரே, தோளுகூட எறங்கித்தானே இருக்கு,” என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம். என் தோளைப் பார்த்து அவர்கள் அழுவதைப் பார்க்க முடியாமல் பந்தியில் போய் உட்கார்ந்தேன்.

படத்தை வழக்கத்தைவிட உயரத்தில், உத்தரத்தை ஒட்டி மாட்டியிருந்தார்கள். ஏன் இவ்வளவு மேலே என்று யாரோ கேட்டதற்கு அந்த அம்மாள் சொன்னது என் காதில் விழுந்தது. “குனிஞ்சுல்ல இருக்காரு. ஒசத்தி மாட்டினா, கீழ உக்காந்தவங்களப் பாக்குறாரு.”

நான் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். என் இலைக்குச் சாம்பார் ஊற்ற அந்த அம்மாளே வந்தார். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், என் நெஞ்சு பத்து நாளாகக் குறுகுறுத்துப் புண்ணாகிப் போயிருந்தது.

“ஏம்மா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அந்த சார் சட்டையக் கழட்டச் சொல்லல. நானாத்தான் சொன்னேன்.”

கரண்டியை வாளிக்குள் வைத்தார். முகம் மாறவே இல்லை.

“தெரியும்ண்ணே. அன்னிக்குச் சாயந்திரமே சொல்லிட்டாரு.”

“என்ன சொன்னாரு?”

“அந்த சாரு சட்டையத் தொட்டுப் பாத்து நல்லாருக்குன்னு கையக் காட்டுனாராம். அந்த சாருக்குப் புடிச்சுத்தான் இருந்துச்சு, நம்ம அண்ணனுக்குத்தான் புடிக்கலன்னு சொன்னாரு.” இலையைப் பார்த்தார். “சோறு அப்படியே கெடக்கே, சாப்புடுங்கண்ணே.”

வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனார். நான் அண்ணாந்து பார்க்காமல், இருந்த சோற்றோடு இலையை மூடிவிட்டு எழுந்தேன்.